காப்பார் கட்டையும் உங்கள் சட்டைப் பையும்

அண்ணே,

இன்று காலை என் பேத்தி கண்ணாடி முன்னால் உட்கார்ந்து புருவத்துக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தடவினால் புருவம் அடர்த்தியாக வளருமாம், போனில் யாரோ சொன்னார்களாம். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அதை வயிறு கழுவக் கொடுப்பார்கள். மூக்கைப் பிடித்து ஊற்றிவிட்டு, கொல்லைப் பக்கம் ஓடு என்பார்கள். வாசம் கூடம் வரைக்கும் வந்ததும் மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே மடியில் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன பாட்டி, உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்லடி. ஒரு ஆளு ஞாபகம் வந்துருச்சு."

"தாத்தாவா?"

"உங்க தாத்தா ஞாபகம் வரணும்னா மண்ணெண்ணெய் வாசம் அடிக்கணும். இது வேற ஆளு."

எண்ணெய் பூசிய புருவம் ஒன்று, பூசாத புருவம் ஒன்று என்று அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேறு ஆள் என்றதும் ஏதோ காதல் கதை கிடைக்கப்போகிறது என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஆகாய விமானக் கட்டை என்று ஆரம்பித்தேன். எழுந்து போய்விட்டாள். அதனால்தான் இதை உங்களுக்கே எழுதுகிறேன். நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது.

கிள்ளானில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும் பழைய சாமான் பாசாரில்தான் உங்களை முதலில் பார்த்தேன். நான் பித்தளை விற்பவள். குத்துவிளக்கு, அண்டா, டிபன் கேரியர். நீங்கள் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறி, ஒரு சாக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவீர்கள். ரயில்வே பட்டறையில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டறைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க யாரோ முட்டுக் கொடுத்திருந்த ஒரு மரக்கட்டையை, ஓய்வு பெற்ற நாளில் கேட்டு வாங்கி வந்தீர்களாம். அதிலிருந்து பிடித்தது உங்களுக்கு அந்தப் பித்து.

"இது என்னண்ணே, உலக்கை குத்துற கட்டையா?" என்று கேட்டேன், நீங்கள் பையைத் திறந்தபோது.

"பழைய பிளேனுக்கு முன்னால மரத்துல காத்தாடி இருக்கும்ல, அதோட நடுக்கட்டை ம்மா. ரெண்டு பக்கமும் இறக்கை. பிளேன் மூக்கு குத்தி விழுந்தா இறக்கை ஒடஞ்சிரும். ஒடஞ்சத அறுத்துப் போட்டுட்டு நடுவுல உள்ளத வச்சிக்குவாங்க. வெள்ளக்காரன் இந்த ஓட்டையில கடிகாரம் மாட்டி வைப்பான்."

நடுவில் பெரிய ஓட்டை, அதைச் சுற்றிச் சின்னச் சின்னதாக எட்டு ஓட்டை. பக்கவாட்டில் பார்த்தால் ஒரே மரம் இல்லை. பலகை மேல் பலகையாகப் பசை போட்டு ஒட்டியது, நம் ஊர் கேக் லாப்பிஸ், அந்த அடுக்குக் கேக் மாதிரி வரி வரியாக. உண்மையான கட்டையில் இரும்புத் தட்டு வைத்து இறுக்கிய தடம் வட்டமாகப் பதிந்திருக்கும். போல்ட்டு போட்ட ஓட்டைக்குள் துரு கறுத்திருக்கும். அலங்காரத்துக்கென்று புதிதாகச் செய்து பழசு என்று விற்பவர்கள் இதையெல்லாம் மறந்துவிடுவார்கள். ஒருத்தன் கொண்டுவந்த கட்டையை நான் முகர்ந்து பார்த்து, "இதுல கிச்சாப் வாசம் அடிக்குது" என்றேன். கலர் வர வேண்டுமென்று சோயா கிச்சாப் ஊற்றித் தேய்த்திருக்கிறான், படுபாவி. நீங்கள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பொய்ப்பல் கழன்று கையில் வந்துவிட்டது. மறந்திருக்க மாட்டீர்கள்.

என் மூக்கை அன்றிலிருந்து நம்ப ஆரம்பித்தீர்கள். நானும் நம்ப ஆரம்பித்தேன், அதுதான் தப்பாகப் போயிற்று.

முதல் உலகச் சண்டைக் காலத்துப் பிளேன் எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார்கள் என்று நீங்கள் ஒரு நாள் சொன்னீர்கள். எஞ்சின் சுற்றும்போது எண்ணெய் தெறித்துக் கட்டையெல்லாம் ஊறிவிடுமாம். ஓட்டுகிறவன் மூஞ்சியிலும் அடிக்குமாம்.

"அப்ப அவனுக்கு வயித்தால போயிருக்குமே!"

"போயிருக்கு ம்மா. நெசமாவே போயிருக்கு."

"மேல பறக்கும்போதா?"

"பறக்கும்போது எங்க எறங்குறது?"

ஒரு அண்டா வாங்க வந்தவரை அப்படியே விட்டுவிட்டு நாம் இரண்டு பேரும் சிரித்தோம். அவர் வாங்காமலே போய்விட்டார்.

இனி, நான் மறக்காததைச் சொல்கிறேன்.

காப்பாரிலிருந்து ஒரு லோரிக்காரர் ஒரு மூட்டைப் பித்தளை கொண்டுவந்து போட்டார். மூட்டைக்கு அடியில் ஒரு கட்டை கிடந்தது. பூசணிக்காய் கனம் இருக்கும். மேலும் பக்கமும் பச்சைப் பெயிண்ட் மூன்று நான்கு பூச்சு. அடிப்பக்கம் எண்ணெயும் தூசியும் ஏறிக் கருங்கல்லாட்டம் இருந்தது. ஓட்டைகளையெல்லாம் வெள்ளைச் சிமெண்டு வைத்து அடைத்திருந்தார்கள். எடுத்து முகர்ந்தேன். விளக்கெண்ணெய்! விரலால் பக்கவாட்டைத் தடவினேன். பெயிண்டுக்கு அடியில் வரி வரியாகத் தட்டுப்பட்டது. நானாகக் கண்டுபிடித்த முதல் கட்டை. அதுவும் முதல் சண்டைக் காலத்துக் கட்டை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாசாரே என் கடை முன்னால் நின்றது, நான்தான் எல்லாரையும் கூப்பிட்டேனே. நீங்கள் வந்தீர்கள். கையில் எடுக்கவில்லை. குனியக்கூட இல்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே சொன்னீர்கள்:

"கரும்பு மெஷின் கட்டை ம்மா இது."

எல்லாரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியும். பழைய ரேடியோ விற்கும் அந்த மனிதர் ஊதா நிறத்தில் கோடு போட்ட சட்டை போட்டிருந்தார், மூன்றாவது பட்டன் இல்லை. அன்றிலிருந்து அவருக்கு நான் "கரும்பு ஆன்டி". நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டோடு நின்றவள். அம்மா ரப்பர்ப் பால் மரம் வெட்டப் போக, தம்பியைப் பார்த்துக்கொள்ள என்னை நிறுத்திவிட்டார்கள். படித்தவர்கள் இருக்கும் இடத்தில் என் வாய்ச்சொல் ஏறாது என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். இந்த ஒரு விஷயத்தில் ஏறும் என்று நம்பியிருந்தேன். அதை நீங்கள் குனியாமலே தட்டிவிட்டீர்கள்.

பதினொரு மாதம் உங்களோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து வணக்கம் சொல்வீர்கள். நான் டிபன் கேரியரைப் பார்த்து, "இங்க யாரோ வந்துருக்காங்க போல, நமக்கென்ன" என்பேன்.

பன்னிரண்டாம் மாதம் ஒரு நாள் மூச்சு வாங்க வந்து நின்றீர்கள்.

"பேச வேணாம். கேட்டுக்க. பிரிக்பீல்ட்ஸ்ல நம்ம கரும்புத் தண்ணிக்காரன்கிட்ட மெஷினத் தொறந்து காட்டச் சொன்னேன். சும்மா காட்ட மாட்டேன்னான். நாலு கிளாஸ் குடிச்சேன். எனக்கு இனிப்புநீர் வியாதி வேற."

நான் டிபன் கேரியரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதுக்குள்ள எல்லாமே இரும்பு ம்மா. கட்டையே இல்ல."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "நாலு கிளாஸா?" என்று கேட்டுவிட்டேன். "நாலாவதுல எலுமிச்சம்பழம் போட்டுக் குடுத்தான்" என்றீர்கள். அப்படித்தான் நாம் மறுபடியும் பேச ஆரம்பித்தோம். கோபம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. சிரிப்பு முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் உங்கள் பழைய காரில் காப்பாருக்குப் போனோம். கட்டையைப் பின்சீட்டில் வைத்து பெல்ட் போட்டது நான். லோரிக்காரர் சொன்ன அடையாளத்தில், செம்பனை மரங்களுக்கு நடுவே அந்த வீடு. ஒரு பெரியம்மா வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முதலில் அவர் கேட்ட கேள்வி: "புருஷன் பொண்டாட்டியா?"

"ஐயோ, இல்ல!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். கருவாட்டுக்குக் காத்திருந்த பூனை ஓடிவிட்டது.

கட்டையைக் காட்டினேன். பெரியம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அட, இது எங்க வெளக்குக் கட்டை! எங்க மாமனாரு தொர பங்களாவுல தோட்ட வேல பாத்தாரு. தொர ஊருக்குப் போறப்ப தூக்கிக் குடுத்துட்டுப் போனது. மாமியா இதுமேலதான் குத்துவெளக்கு வைப்பாங்க. கரையான் ஏறாம இருக்க வெள்ளிக்கிழமை தவறாம வெளக்கெண்ணெ போட்டுத் தேய்ப்பாங்க. நானும் தேச்சேன். மவன்தான் எடம் அடைக்குதுன்னு பித்தளையோட சேத்துப் போட்டுட்டான்."

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். மீசை சிரித்தது. நான் எஞ்சின் எண்ணெய் என்று நினைத்து முகர்ந்தது ஒரு மாமியாரும் மருமகளும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகத் தேய்த்தது. மூக்கு மேல் வைத்த நம்பிக்கையெல்லாம் அந்த வாசலிலேயே போயிற்று. ஆனால் விரலில் தட்டுப்பட்ட வரி? அது பொய் சொல்லாது.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. பித்தளைப் பாத்திரத்தில் கழுத்துப் பக்கம் பேர் வெட்டியிருப்பார்கள், இல்லையா? யார் வீட்டுச் சீர், யார் கல்யாணம் என்று. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அந்தப் பேர் கண்ணுக்கே தெரியாமல் மழுங்கிப் போயிருக்கும். நான் திருநீற்றை அள்ளிப் பூசி, உள்ளங்கையால் ஒரு முறை துடைப்பேன். மேலே உள்ளது போய்விடும், பள்ளத்தில் உள்ளது நிற்கும். பேர் வெள்ளையாக எழும்பும். எத்தனையோ பாத்திரத்துக்குச் செய்தவள், இந்தக் கட்டைக்குச் செய்யத் தோன்றவில்லை. கட்டையில் எழுதியிருந்தால் இங்கிலீஷில்தானே இருக்கும், நமக்கு எதற்கு என்று விட்டிருக்கிறேன் போலிருக்கிறது.

"பெரியம்மா, சாமி மேடையில திருநீறு இருக்கா?"

"எதுக்கு ம்மா? கட்டைக்குக் கழிப்பா?" என்று கேட்டீர்கள் நீங்கள். சாமியே இல்லை என்று ஐம்பது வருடமாகச் சொல்லி வந்தவர், வேறு எப்படிக் கேட்பீர்கள்!

கட்டையைக் கவிழ்த்தேன். அந்தக் கருத்த அடிப்பக்கம் முழுக்கத் திருநீற்றைப் பூசினேன். கையால் துடைத்தேன். முதலில் வந்தது வட்டம். இரும்புத் தட்டு இறுக்கிய தடம், பௌர்ணமி நிலா மாதிரி முழுசாக வந்தது. அதற்கு மேல் ஓரத்தில், வரிசையாக, எழுத்து.

"அண்ணே, இங்கிலீஷ் எழும்புது. படிங்க."

இந்தத் தடவை குனிந்தீர்கள். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினீர்கள். "டி... அப்புறம் நம்பர்... பி... அப்புறம் நம்பர்..." என்று விரல் வைத்துப் படித்தீர்கள். டி என்றால் ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரை எவ்வளவு, பி என்றால் ஒரு சுற்றுக்குப் பிளேன் எவ்வளவு முன்னே போகும், என்று நீங்கள் எனக்கு முன்பே சொல்லியிருந்தீர்கள். படித்து முடித்தீர்கள். அப்படியே கருவாட்டுப் பாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"பிளேன்தான் ம்மா. நான் ஒரு மடையன்."

"என்ன சொன்னீங்க? காத்துல சரியா கேக்கல."

"மடையன்னு சொன்னேன் லா."

"பெரியம்மாவுக்குக் கேட்டுருக்காது. இன்னொரு தடவ."

மூன்று தடவை சொல்ல வைத்தேன். மூன்றாவது தடவை பெரியம்மா, "போதும் ம்மா, பாவம்" என்று உங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். தண்ணீர் உள்ளே போனதும் உங்களுக்குத் திமிர் திரும்பிவிட்டது. "ஆனா நீ சொன்ன மாதிரி முதல் சண்டைக் காலம் இல்ல. இது அதுக்கப்புறம். பிளேன் ஓட்டக் கத்துக்குடுத்த பிளேன்" என்றீர்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். வயதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், கட்டை என்னுடையது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கடை முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு ஏறி நின்றீர்கள். "போன வருசம் இந்தம்மா கட்டையப் பாத்து கரும்பு மெஷின்னு சொன்னேன். தப்பு. இது பிளேன் கட்டை. நான் தொட்டுக்கூடப் பாக்காம சொன்னேன்" என்றீர்கள். ரேடியோக்காரர் தலையைக் குனிந்துகொண்டு ஒரு ரேடியோவைத் துடைத்தார். எனக்கு அன்று ஒரு சாண் வளர்ந்த மாதிரி இருந்தது. அதோடு இறங்கியிருக்கக்கூடாதா நீங்கள்?

"எப்படிக் கண்டுபுடிச்சேன்னு என் முறையக் காட்டுறேன், பாருங்க" என்று சட்டைப் பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தீர்கள்.

என் முறை!

நீங்கள் பூசினீர்கள், துடைத்தீர்கள், எழுத்து எழும்பியது. எல்லாரும் கைதட்டினார்கள். நான் டிபன் கேரியர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். கூட்டம் கலைந்ததும், "யாரு முறை?" என்று கேட்டேன்.

"அட, வாய் தவறி வந்துருச்சு ம்மா. அடுத்த வாரம் திருத்திச் சொல்லிடுறேன்."

அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம், "இன்னிக்குக் கூட்டமே இல்ல. கூட்டம் இருக்கறப்ப சொன்னாத்தானே உனக்கு மரியாதை" என்றீர்கள். இப்படியே ஆறு வருடம் ஓட்டினீர்கள். பாசாரில் உங்களை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், அதனால் எல்லாருக்கும் அது "மாஸ்டர் முறை" ஆகிவிட்டது. என் பித்தளையிலிருந்து, என் கையிலிருந்து வந்தது. என் வாழ்க்கையில் நானாகக் கண்டுபிடித்தது அது ஒன்றுதான். அதை உலகம் என் பேரில் ஒரு தடவையாவது சொல்ல வேண்டும் என்று இருந்தேன். இதை நான் மன்னிக்கவில்லை. இப்போதும் மன்னிக்கவில்லை. எழுதும்போதே காது சூடாகிறது.

ஆனால் அந்தத் திருநீறு உங்களைப் படுத்திய பாட்டை நினைத்தால் அடுத்த நிமிடமே சிரிப்பு வந்துவிடுகிறது. எந்தக் கடையில் எந்தக் கட்டை கிடைக்குமோ என்று எல்லாச் சட்டைப் பையிலும் ஒரு பொட்டலம் போட்டு வைத்திருந்தீர்கள். உங்கள் மகள் துணி துவைக்கும்போது ஒவ்வொரு பையிலிருந்தும் திருநீறு கொட்டியிருக்கிறது.

"மவ என்னைப் பாத்துக் கையெடுத்துக் கும்புடுறா ம்மா" என்று வந்து சொன்னீர்கள். "அப்பாவுக்குப் பக்தி வரணும்னு பத்துமலை முருகனுக்கு வேண்டிக்கிட்டாளாம். பலிச்சிருச்சாம்."

"உண்மையச் சொல்ல வேண்டியதுதானே?"

"அவ மூஞ்சியப் பாத்தா சொல்ல வரல. நான் பொய் சொல்லல, அவளா நெனச்சிக்கிட்டா. நீ சிரிக்காத."

சிரித்தேன். உங்கள் எதிரிலேயே சிரித்தேன். பால்குடம் எடுக்கச் சொல்லுவாள், பாருங்கள் என்று பயமுறுத்தினேன்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்று போன் வந்தது. பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தேன். கூடத்தில் உங்களைக் கிடத்தியிருந்தார்கள். உங்கள் மகள் கொடியில் கிடந்த சட்டையின் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். "அப்பா பிரியாம வச்சிருந்தது" என்று அழுதுகொண்டே உங்கள் நெற்றியில் மூன்று பட்டை இழுத்தாள். நன்றாக அழுத்தி, கை முழுக்க எடுத்து இழுத்தாள். ஐயோ அண்ணே, நீங்களும் உங்கள் நெற்றியும்! புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினேன். அழுகிறேன் என்று நினைத்து இரண்டு பெண்கள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அழவும் செய்தேன், இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பட்டையை அவள் விரலால் சரி செய்தபோது, ஏதாவது எழுத்து எழும்பும் என்று ஒரு நொடி நான் பார்த்தேன். பழக்கதோஷம்.

இப்போது உங்கள் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானுக்கு வருகிறாள். உங்கள் ஏழு கட்டைகளையும் என் கடை ஓரத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு உட்காருகிறாள். விற்பதற்கு இல்லை. அப்பாவைத் தெரிந்தவர்களோடு இருக்க வேண்டுமாம். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருவர் சபாக் பெர்ணமிலிருந்து ஒரு கட்டை கொண்டுவந்தார். பாசாரே கூடிவிட்டது. நீங்கள் ஆறு வருடம் காத்திருந்தீர்களே ஒரு கூட்டத்துக்கு, அப்படி ஒரு கூட்டம்.

"மாஸ்டர் முறையில பாருங்க ஆன்டி" என்றார் ரேடியோக்காரர்.

"எங்கப்பாவுக்கு என்னங்க முறை?" என்று கேட்டாள் உங்கள் மகள்.

"அதான் ம்மா, திருநீறு. பையில எப்பவும் வச்சிருப்பாரே, அது எதுக்குன்னா..."

"அது என் முறை" என்ற மூன்று சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. ஆறு வருடமாகத் தீட்டி வைத்திருந்த சொல். கேட்க இருபது முப்பது பேர். சொல்லியிருந்தால் எல்லாம் வந்திருக்கும்: காப்பார், பெரியம்மா, கருவாடு, உங்கள் சட்டைப் பையில் சாமியே இல்லை என்பது உட்பட எல்லாம். உங்கள் மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் சொல்ல வரவில்லை என்று நீங்கள் சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

"உங்கப்பா எந்தக் கட்டையத் தொட்டாலும் முதல்ல திருநீறு பூசிட்டுத்தான் ம்மா தொடுவாரு" என்று ரேடியோக்காரரை முறைத்தபடியே முந்திக்கொண்டேன். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

"சாமிய நெனச்சிக்கிட்டா?"

"அவரு என்ன நெனச்சாருன்னு நமக்கென்ன ம்மா தெரியும். அவரு முறை அது."

சொல்லிவிட்டேன், உங்கள் முறை என்று. என் வாயாலேயே. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உங்கள் ஏழு கட்டைகளுக்கும் ஒவ்வொன்றாகத் திருநீறு பூசிக் கும்பிட்டாள். அன்றிலிருந்து வாராவாரம் பூசுகிறாள், பூ வேறு வைக்கிறாள். போன வாரம் ஊதுபத்தி. ஏழு கட்டையும் பட்டை போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, உங்களைப் போலவே மூஞ்சியை வைத்துக்கொண்டு.

நீங்கள் கடைசி வரைக்கும் மாறவே இல்லை என்பது இந்தப் பூமியில் எனக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும். இவ்வளவு பெரிய சிரிப்பை ஒருத்தியாகச் சுமப்பது சின்ன வேலை இல்லை, அண்ணே. அவள் கட்டைக்குக் கற்பூரம் காட்டும்போதெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு இருமுவேன், விடாமல் இருமுவேன். பாவம் பிள்ளை, நேற்று எனக்கு ஒரு பாட்டில் இருமல் மருந்து வாங்கி வந்து, மறக்காமல் மூன்று வேளை குடிக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.